உலர்வுச் சான்றிதழ்

அந்த ஆய்வு நிறுவனத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். மேலே ஆசிட் கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். வருடா வருடம் பயிற்சி உண்டு, பரீட்சை உண்டு, தேறியவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பச்சை வில்லையும் உண்டு. ஓடிப்போய் நடைபாதையில் இருக்கும் அவசர ஷவரின் கீழே நின்று கைப்பிடியை இழுக்க வேண்டும். இழுத்தால் தண்ணீர் வராது என்கிற விஷயம் மட்டும் பாடத்தில் இல்லை.

தண்ணீர் வராததற்குப் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. கூரையில் ஓடும் தண்ணீர்க் குழாய் கட்டடப் பிரிவுக்குச் சொந்தம். சுவரில் மாட்டிய ஷவர் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொந்தம். இரண்டுக்கும் நடுவே இரண்டரை அடி வெறும் காற்று. அந்தக் காற்று யாருக்குச் சொந்தம் என்று மூன்று வருடமாகக் கடிதம் போய் வந்துகொண்டிருந்தது. திறப்பு விழா மட்டும் காலாகாலத்தில் நடந்து, ரிப்பனை வெட்டி, இயக்குநர் ஷவரின் கீழே சிரித்தபடி நின்று ஃபோட்டோவும் எடுத்துக்கொண்டார். அந்த ஃபோட்டோ வரவேற்பறையில் இப்போதும் தொங்குகிறது.

ஷவருக்கு நேர் எதிரே கண்ணாடிச் சாமான் கழுவும் அறை. மூன்று மாடிகளின் குடுவைகளும் குப்பிகளும் அங்கேதான் வந்து குவியும். சோப்புக்கு மசியாதவற்றை நைட்ரிக் ஆசிட் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பார்கள். எடுப்பார்கள் என்றால் ஒருத்திதான் எடுப்பாள். அவள் பராமரிப்புப் பிரிவு ஃபிட்டரின் கூடப்பிறந்த தங்கச்சி. ஃபிட்டரை எல்லோரும் ‘ஸ்பேனர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவருக்கு வேறு பெயர் இல்லை.

போன வருடம் ஒரு குடுவை கை நழுவி, ஆசிட் அவள் மணிக்கட்டில் தெறித்தது. பாடத்தில் சொன்னபடியே ஓடி வந்து கைப்பிடியை இழுத்தாள். பிறகு பாடத்தில் சொல்லாதபடி நடைபாதையின் கோடி வரை, நாற்பத்திரண்டு எட்டு, கழிப்பறைக்கு ஓடினாள். உள்ளே யாரோ இருந்தார்கள். மணிக்கட்டில் இன்னும் ஒரு பொத்தான் அளவுக்குத் தோல் வெளுத்துக் கிடக்கிறது.

“கையோட போச்சுண்ணே,” என்றாள் தங்கச்சி. “மூஞ்சில பட்டிருந்தா? நான் என்ன சமுத்திரத்தையா கேக்குறேன், ரெண்டு வாளித் தண்ணி!”

இருபது நிமிட வேலை. இரண்டரை அடிக் குழாய், இரண்டு முழங்கை இணைப்பு, கொஞ்சம் டேப். ஆனால் அனுமதி இல்லாமல் ஒரே ஒரு திருகை முறுக்கியதற்காக லிஃப்ட் மெக்கானிக் ஒருவரை ஆறு மாதம் வீட்டில் உட்கார வைத்த நிறுவனம் அது. ஆகவே ஸ்பேனர் மனு எழுதினார். பதினொரு மனு. பதினொன்றுக்கும் ஒரே அச்சடித்த துண்டுச் சீட்டு வந்தது: ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.’

ஸ்பேனருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு திங்கள்கிழமையும் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் ஒரு கார்ட்டூன் வரைந்து கேன்டீன் கதவில் ஒட்டுவார். ‘மேம்படுத்திக்கொண்டிருக்கிறேன், அணைக்காதீர்கள்’ என்று கம்ப்யூட்டர் சொல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அடுத்தடுத்த கட்டங்களில் தாடி வளர்ந்து மேசையைத் தொடும். துவைத்து முடித்த வாஷிங் மெஷின் பாட்டுப் பாடிப் பாடித் தொண்டை கட்டி, கடைசியில் தானே வெளியே வந்து துணியைக் காயப்போடும். எல்லாப் படத்திலும் ஒரு மூலையில் குடை பிடித்த பல்லி ஒன்று நிற்கும். அது ஏன் நிற்கிறது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. மனுவைப் படிக்காதவர்கள் கார்ட்டூனைப் படிக்கிறார்கள் என்பதை அவர் தாமதமாகத்தான் கவனித்தார். கவனித்த வாரமே ஷவரை வரைந்தார்.

முதல் கட்டத்தில் தலையில் புகை கிளம்ப ஒரு ஆள் ஷவரைப் பார்த்து ஓடுகிறான். இரண்டாவதில் கைப்பிடியை இழுக்கிறான். மூன்றாவதில் ஷவரிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு மிதந்து இறங்குகிறது: ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.’ பல்லி குடையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.

கேன்டீன் கதவருகே கூட்டம் அலைமோதியது. டீ வாங்க வந்தவர்கள் டீயை மறந்தார்கள். பதினொரு மனுவைக் கிடப்பில் போட்ட குமாஸ்தாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மத்தியானம் இயக்குநரிடமிருந்து ஆள் வந்தது.

இயக்குநர் ஈரப்பத நிபுணர். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று நான்கு தசம இடம் வரை சொல்லக்கூடியவர். மேசையில் கார்ட்டூன் இருந்தது.

“பிரமாதம்ப்பா ஸ்பேனர்!” என்றார். “அறிவியலைச் சிரிப்போட மக்கள்கிட்ட கொண்டு போகணும்னு மேலிடத்துல இருந்து சுற்றறிக்கை வந்து ஒரு வருஷம் ஆச்சு. நம்ம கையில ஒரு சிரிப்புகூட இல்லையேன்னு தவிச்சிக்கிட்டிருந்தேன். இதை நிறுவனமே வெளியிடப் போகுது. மேலிடத் தலைவி அம்மா வந்து திறந்து வைப்பாங்க.”

ஸ்பேனருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. “ரொம்ப சந்தோஷம் சார். அப்ப தண்ணி?”

“அட, உக்காருப்பா. யாராவது ஸ்பேனருக்குத் தண்ணி கொண்டு வாங்க!”

ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. பதினொரு மனுவுக்கு நிறுவனம் கொடுத்த முதல் தண்ணீர் என்பதால் ஸ்பேனர் அதை முழுவதும் குடித்தார்.

ஒரு நிறுவனம் ஒரு சிரிப்பைச் சும்மா வெளியிட முடியுமா? நகைச்சுவை மதிப்பீட்டுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், ஒளியியல் பேராசிரியர். தம் வாழ்நாளில் அவர் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை, அவர் மனைவி உட்பட. “எனக்கு இந்தத் துறையில அனுபவமே கிடையாது. அதனால பாரபட்சம் இருக்காது,” என்றார் முதல் கூட்டத்தில். எல்லோரும் கைதட்டினார்கள். புள்ளியியல் அதிகாரி ஒருவர், சட்ட அதிகாரி ஒருவர், போகிற போக்கில் அகப்பட்ட விலங்கியல்காரர் ஒருவர், மொத்தம் ஒன்பது பேர். ஸ்பேனர் கடைசி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தலையில புகை வருது,” என்றார் தலைவர். “எந்த ஆசிட்? எத்தனை சதவீதம்?”

“சும்மா ஒரு ஆசிட் சார்.”

“சும்மா ஒரு ஆசிட்னு ஒண்ணு அறிவியல்ல கிடையாது. புகையை எடுத்துடுங்க. இந்த ஆள் பாதுகாப்புக் கண்ணாடி போடலையே? நாம தப்பான முன்னுதாரணம் காட்டக் கூடாது. கண்ணாடி, கையுறை, தொப்பி எல்லாம் போட்டு விடுங்க.”

“அவ்வளவும் போட்டா அவன்மேல ஆசிட் படாதே சார்.”

“ரொம்ப நல்லது. விபத்தே இல்லை. அப்ப அவன் ஓட வேண்டிய அவசியமும் இல்லை, நிதானமா நடக்கட்டும். நடைபாதையில ஓடறது விதிமீறல்.”

விலங்கியல்காரர் தொண்டையைக் கனைத்தார். பல்லியின் விரல் அமைப்புக்குக் குடைக் கைப்பிடியைப் பற்றும் திறன் இல்லை என்றும், மழை இல்லாத உள்ளரங்கில் அது குடை பிடிப்பதற்கு உயிரியல் காரணம் ஏதும் தமக்குப் புலப்படவில்லை என்றும் பதிவு செய்தார். பல்லி நீக்கப்பட்டது. ஸ்பேனருக்கு அன்று தூக்கமே இல்லாமல் போனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் டீ இறங்கவில்லை.

“சார், பல்லி போகட்டும். தண்ணி எப்ப வரும்?” என்று எழுந்து கேட்டார்.

“அது வேற கமிட்டி,” என்றார் தலைவர். “முதல்ல சிரிப்பை முடிப்போம்.”

இரண்டாவது கூட்டத்துக்குப் புள்ளியியல் அதிகாரி வரைபடங்களோடு வந்தார். முப்பது பேருக்குக் கார்ட்டூனையும், இன்னொரு முப்பது பேருக்கு ஒப்பீட்டுக்காக வெறும் மூன்று காலிக் கட்டங்களையும் காட்டியிருந்தார். கார்ட்டூனின் திருத்திய வடிவத்துக்கு நான்கு பேர் சிரித்தார்கள். காலிக் கட்டங்களுக்கு ஒன்பது பேர்.

“அதாவது படம்தான் சிரிப்பைத் தடுக்குது,” என்றார் அவர். “தரவு தெளிவா இருக்கு. படத்தைக் குறைக்கக் குறைக்க நகைச்சுவை கூடும்.”

இன்னும் துல்லியம் வேண்டும் என்று ஒலிபுகா அறையில் ஒலியளவி வைத்துச் சிரிப்பை அளந்தார்கள். சோதனைக்கு ஒப்பந்த ஊழியர்களை வரிசையில் நிறுத்தினார்கள். ஒவ்வொருவரும் உள்ளே போய், படத்தைப் பார்த்து, பச்சை விளக்கு எரிந்ததும் சிரித்து, சிவப்பு விளக்கு எரிந்ததும் நிறுத்த வேண்டும். வேலை நிரந்தரமில்லாதவர்கள் என்பதால் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தங்கச்சியின் முறை வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஏம்மா சிரிக்கலை?” என்றார் புள்ளியியல் அதிகாரி ஒலிபெருக்கியில்.

“இது எனக்கு நடந்தது சார்.”

“நடந்ததா நடக்கலையான்னு நாங்க கேக்கலையே. சிரிக்கிறியா, இல்லையா?”

“தண்ணி விட்டுட்டு காட்டுங்க சார், சிரிக்கிறேன்.”

சிவப்பு விளக்கு எரிந்தது. சராசரியோடு பொருந்தாத தரவு என்று அவள் வரி அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. அது தெரிந்தபோது ஸ்பேனருக்கு முதன்முறையாக ரத்தம் கொதித்தது. மனு கிடப்பில் கிடந்தபோது வராத கோபம் அது.

மூன்றாவது கூட்டத்தில் சட்ட அதிகாரி ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “ஷவர்ல தண்ணி வராதுன்னு படம் சொல்லுதே, அது உண்மையா? நாளைக்கு யாராவது நிரூபிக்கச் சொன்னா?”

ஒன்பது பேரும் எழுந்து நடைபாதைக்கு வந்தார்கள். ஸ்பேனர் பின்னாலேயே ஓடினார். மூன்று வருடத்தில் ஒரு அதிகாரி கூட அந்தக் கைப்பிடியைத் தொட்டதில்லை. இன்று ஒன்பது பேர் தொடப் போகிறார்கள். தங்கச்சி கழுவும் அறை வாசலில் வந்து நின்றாள். தலைவர் கைப்பிடியை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஒன்பது பேரும் இழுத்தார்கள். ஷவரின் வாயில் வடிதாளை ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். இயக்குநரே தம் கருவியோடு இறங்கி வந்து நான்கு தசம இடம் வரை அளந்தார்.

“பாத்தீங்களா சார்,” என்றார் ஸ்பேனர். “நீங்களே பாத்துட்டீங்க.”

“பார்த்தோம்,” என்றார் இயக்குநர் பரவசத்தோடு. “சொட்டு ஈரம் இல்லை! உன் படம் அட்சரசுத்தமா உண்மைப்பா.”

மறுநாள் ஷவருக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு உலர்வுச் சான்றிதழ் மாட்டப்பட்டது. ‘இந்த ஷவரில் தண்ணீர் வராது என இதனால் சான்றளிக்கப்படுகிறது.’ ஒன்பது கையெழுத்து, ஒரு முத்திரை. கார்ட்டூனின் இறுதி வடிவமும் தயாரானது. முதல் கட்டத்தில் கண்ணாடி, கையுறை, தொப்பி அணிந்த ஒருவர் நிற்கிறார். இரண்டாவதில் ஷவர் இருக்கிறது. மூன்றாவதில், ‘இந்த ஷவரில் தண்ணீர் வராது. ஆதாரம்: உலர்வுச் சான்றிதழ்.’ அதன் கீழே பொடி எழுத்தில், ‘இங்கே சிரிக்கலாம்.’

சான்றிதழை மாட்ட ஆணி அடித்தவர் ஸ்பேனர்தான். அதற்கான பணி ஆணை ஒரு மணி நேரத்தில் வந்தது. ஆணியை அடித்து முடித்தவர் உடனே ஏணியிலிருந்து இறங்கவில்லை. அந்த இரண்டரை அடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பணிமனைக்குப் போய்க் குழாயும் இணைப்பும் எடுத்து வந்து, பட்டப்பகலில், எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தபோது மாட்டிவிட்டார். பதினேழு நிமிடம் ஆனது. தங்கச்சி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

“வேலை போயிடும்ண்ணே.”

“போனா போகுது போ. ஏணியை ஒழுங்கா பிடி.”

நாலாம் நாள் காலை பெரிய ஜாடி ஒன்று அடிப்பக்கம் விரிசல் விட்டுத் தொட்டிக்குள் விழுந்தது. ஆசிட் தங்கச்சியின் கழுத்திலும் தோளிலும் வாரியடித்தது. ஓடி வந்து கைப்பிடியை இழுத்தாள். தண்ணீர் அருவியாகக் கொட்டியது. கால் மணி நேரம் நின்றாள், பற்கள் கிடுகிடுக்க. தோளில் ஒரு சின்னக் கொப்புளத்தோடு போயிற்று. “நாற்பத்திரண்டு எட்டு ஓடியிருந்தா தோலை ஒட்டுப் போட வேண்டி வந்திருக்கும்,” என்றார் மருத்துவர். ஸ்பேனர் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதார்.

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடியது. பெரிய விபத்து, விசாரிப்பார்கள் என்று நினைத்து ஸ்பேனர் மருத்துவமனையிலிருந்து நேரே வந்து நின்றார்.

“நடந்தது நினைச்சுக்கூடப் பாக்க முடியாதது,” என்று இயக்குநர் தொடங்கினார். கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். “ஷவர்ல தண்ணி வந்திருக்கு. இன்னும் ஒன்பது நாள்ல தலைவி அம்மா வர்றாங்க. ஒரு அறிவியல் நிறுவனம் பொய்யான கார்ட்டூனை வெளியிட முடியுமா? நாளைக்கு உலகம் நம்மளப் பாத்துச் சிரிக்காதா?”

“சிரிக்கிறதுக்குத்தானே சார் கார்ட்டூன்?” என்றார் ஸ்பேனர்.

“குறுக்கே பேசாதே. ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, கார்ட்டூனை மாத்தணும். அதோட சான்றிதழ்ல ஒன்பது கையெழுத்து இருக்கு. இன்னொண்ணு, ஷவரை மாத்தணும். அதுல யாரோட கையெழுத்தும் இல்லை. எது சுலபம்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். விழா முடியற வரைக்கும் குழாயைக் கழட்டி உண்மையை மறுபடி நிலைநாட்டணும்.”

“அந்தப் பொண்ணு அங்கேதான் சார் தினம் ஆசிட்ல கை வைக்குது.”

“அதனால என்ன? ஒன்பது நாள் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு,” என்றார் தலைவர். “நாங்க மூணு வருஷம் இருக்கலையா?”

குழாயைக் கழற்றும் பணி ஆணை நாற்பது நிமிடத்தில் ஸ்பேனரின் கையில் இருந்தது. அவர் பெயருக்கே போட்டிருந்தார்கள். கழற்றாவிட்டால் வேலை நீக்கம், கழற்றினால் மன்னிப்பு. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவர் ஷவருக்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நிறுவனத்திடம் பதினொரு தரம் நியாயம் பேசிப் பார்த்தாயிற்று. இனி நிறுவனத்தின் பாஷையிலேயே பேசுவது என்று முடிவு செய்து, பன்னிரண்டாவது மனுவை எழுதினார்.

‘கழற்றும்படி ஆணையிடப்பட்டுள்ள குழாய் எந்தப் பிரிவின் பதிவேட்டிலும் இல்லை. அது இருக்கும் இரண்டரை அடியும் யாருக்கும் சொந்தமில்லை. மேலும், அவ்விடத்தில் தண்ணீர் வராது என ஒன்பது அதிகாரிகள் சான்றளித்துள்ளனர். இல்லாத குழாயைக் கழற்றுவது பொய்யான வேலையைச் செய்ததாகிவிடும் என்பதால், குழாய் உள்ளதா, உள்ளதெனில் யாருடையது எனத் தெரிவிக்க வேண்டுகிறேன்.’

மூன்றாம் நாள் துண்டுச் சீட்டு வந்தது. தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. அண்ணனும் தங்கச்சியும் அதைக் குழாயிலேயே ஒட்டினார்கள். பரிசீலனையில் இருக்கும் பொருளை அந்த நிறுவனத்தில் எவனும் தொட மாட்டான். பணி ஆணை போனதும் வேலை முடிந்துவிட்டது என்று இயக்குநர் நினைத்துக்கொண்டார். அவர் எந்த வேலையையும் அதற்கு மேல் பார்த்ததில்லை.

விழா நாளில் தலைவி அம்மா வந்தார். வயதானவர், முழங்கால் வலிக்காரர், சீக்கிரம் வீட்டுக்குப் போக விரும்பியவர். திரையை விலக்கிக் கார்ட்டூனைப் பார்த்தார். மூன்று கட்டத்தையும் இரண்டு தரம் பார்த்தார்.

“இதுல சிரிப்பு எங்க இருக்கு?” என்று கேட்டார்.

சபை திடுக்கிட்டது. இயக்குநர் சமாளித்தார். “நேர்ல பாத்தாத்தான்ம்மா சுவை தெரியும். ஷவரே இங்கதான் இருக்கு. நானே இழுத்துக் காட்டறேன், பாருங்க. இதுல தண்ணி வராதுங்கறதை இந்த நாட்டிலேயே முதன்முறையா நாங்கதான் நிரூபிச்சிருக்கோம்.”

ரிப்பன் வெட்டிய அதே இடத்தில், அதே சிரிப்போடு நின்று, கைப்பிடியை இழுத்தார்.

அவசர ஷவரில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருமுறை இழுத்தால் தானாக நிற்காது. கைப்பிடியை மேலே தள்ளித்தான் நிறுத்த வேண்டும். பயிற்சியில் அது இருக்கிறது. இயக்குநருக்கு மறந்துவிட்டது. அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது, கோட்டு உடம்போடு ஒட்டியது, பச்சை வில்லை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஒன்பது பேரும் அண்ணாந்து சான்றிதழைப் படித்துப் பார்த்தார்கள்.

“நிறுத்துய்யா ஸ்பேனர்!”

“எதை சார்?” என்றார் ஸ்பேனர்.

அப்போதுதான் தங்கச்சி சிரித்தாள். தோளில் கட்டுப் போட்டபடி, கழுவும் அறை வாசலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, பச்சை விளக்கு எதுவும் இல்லாமல் சிரித்தாள். அடுத்துத் தலைவி அம்மா சிரித்தார். பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் முந்நூற்றிரண்டு பேர் சிரித்தார்கள். புள்ளியியல் அதிகாரி வைத்திருந்த ஒலியளவி அதுவரை காணாத எண்ணைக் காட்டியது. அவர் அதைக் குறித்துக்கொண்டு, பொருந்தாத தரவு என்று அடித்தார்.

விழாவின் நடவடிக்கைக் குறிப்பு ஒரு வாரத்தில் வந்தது. ஒன்பது பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள். இயக்குநர் ஷவரை இயக்கிக் காட்டினார், சான்றிதழில் கண்டபடி தண்ணீர் வரவில்லை, இயக்குநர் நனையவில்லை என்று அதில் இருந்தது. ஈரப்பதம் நான்கு தசம இடம் வரை பூஜ்யம். ஸ்பேனரை வேலையை விட்டு நீக்கினால் எதற்காக என்று எழுத வேண்டும், எழுதினால் தண்ணீர் வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் அவர் வேலையில் இருக்கிறார். பல்லியும் கேன்டீன் கதவுக்குத் திரும்பிவிட்டது.

நிறுவனத்தின் ஏடுகளின்படி அந்த ஷவரில் இன்றுவரை தண்ணீர் வருவதில்லை. இல்லாத தண்ணீரை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. திங்கள்கிழமை காலை வேலைக்கு வந்ததும், தங்கச்சி ஷவரின் கீழே ஒரு வாளியை வைத்துக் கைப்பிடியை ஒரு தரம் இழுத்துப் பார்க்கிறாள். வாளி நிறைந்ததும் மேலே தள்ளி நிறுத்துகிறாள். பிறகு அந்தத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, சான்றிதழின் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைக்கிறாள்.